ரோடு இன்னா பண்ணுச்சு

விபத்து நடந்த இடத்துக்கு வந்தால் அவர் முதலில் ஷூவைக் கழற்றுவார். சாக்ஸை உருட்டி ஷூவுக்குள் திணித்து, இரண்டையும் சாலையோர மரத்தடியில் ஜோடியாக வைப்பார். காக்கிப் பேண்ட்டை இரண்டு மடிப்பு மடித்துக்கொண்டு வெறுங்காலோடு தார்ச்சாலையில் நடக்கத் தொடங்குவார். விழுந்தவர் எந்தத் திசையிலிருந்து வந்தாரோ அந்தத் திசையில், ஐம்பது அறுபது அடி முன்னாலிருந்தே. நடுவெயிலானாலும் சரி. கூட்டம் வண்டியைப் பார்க்கும், ரத்தத்தைப் பார்க்கும், தப்பு யார் மேல் என்று பேசும். அவர் மட்டும் தலை நிமிராமல், தெருவில் விழுந்த மூக்குத்தியைத் தேடுகிறவர் மாதிரி போய்க்கொண்டிருப்பார்.

விபத்து விசாரணைப் படிவம் எனக்கு மனப்பாடம். விபத்துகளைக் குறைத்தே தீருவது என்று அரசாங்கம் முனைந்திருந்த வருஷங்கள் அவை. ஒவ்வொரு விபத்துக்கும் பல பக்கப் படிவம் ஒன்று காவல் நிலையங்களுக்கு வந்திருந்தது. சாலையின் அகலம், வளைவு, வெளிச்சம், பரப்பின் தன்மை, வரைபடம், புகைப்படம் என்று எல்லாவற்றுக்கும் அதில் கட்டம் உண்டு. டேப் வேண்டும், கேமரா வேண்டும் என்று வழிகாட்டிக் குறிப்பு சொல்கிறது. வெறுங்கால் வேண்டும் என்று எந்தப் பக்கத்திலும் இல்லை. நான் இரண்டு முறை தேடிப் பார்த்தேன்.

அவர் போக்குவரத்துப் பிரிவில் ஏட்டு. நெய்வேலி டவுன்ஷிப்பில் சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் ஏட்டய்யா. நான் அங்கே டவுன்ஷிப் நிர்வாகத்தில் அதிகாரி, சாலைப் பாதுகாப்புக் குழுவின் கன்வீனர். குழுவின் கூட்டக் குறிப்புகளில் அவர் பெயரை நான் ஒரு தடவைகூட எழுதியதில்லை. 'உறுப்பினர் ஒருவர்' என்றுதான் எழுதுவேன். இங்கேயும் அந்தப் பழக்கத்தை மாற்றிக்கொள்ளப் போவதில்லை.

ஐம்பதை நெருங்கும் வயது, ஒல்லி உடம்பு, தலைக்கு ஒரு சுற்று பெரிய தொப்பி. வலது கையில் ஜெபமாலை மோதிரம் ஒன்று போட்டிருப்பார். யோசிக்கும்போது அதைத் திருகுவார். நெல்லிக்குப்பம் பக்கத்து ஆள். எல்லா ஜில்லாக்காரர்களும் கலந்து பேசிப் பேசி மழுங்கிப்போன டவுன்ஷிப் தமிழ் அவர் நாக்கில் ஏறவே இல்லை.

முதல் தடவை அவர் வாயைத் திறந்தது ஒரு காலாண்டுக் கூட்டத்தில். மாவட்டத்திலிருந்து வந்த இளம் அதிகாரி ஒருவர் தலைமை. அந்தக் காலாண்டில் எங்கே எங்கே விபத்து, என்ன காரணம் என்று நான் எழுந்து வாசித்தேன். முதல் விபத்து, காரணம் ஓட்டுநரின் அஜாக்கிரதை. இரண்டாவது, ஓட்டுநரின் அஜாக்கிரதை. மூன்றாவதும் அதுவே. நல்ல சொல் அது. ஒரு கட்டத்துக்குள் அடங்கும். யாரும் மறுக்க மாட்டார்கள். மறுக்க வேண்டியவர் பெரும்பாலும் மறுக்கிற நிலையில் இருக்கமாட்டார்.

"எல்லாமே அஜாக்கிரதைதானா சார்?" என்றார் அதிகாரி.

"ஆமா சார். ஜனங்களுக்கு விழிப்புணர்வு கம்மி. அடுத்த மாசம் ஒரு பேரணி வெச்சிருக்கோம்."

கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. "ரோடு இன்னா பண்ணுச்சுன்னு யாரும் எழுதலீங்கய்யா."

அதிகாரி தன் நாற்காலியையே அந்தப் பக்கம் திருப்பினார். அத்தனை வருஷ சர்வீஸில் என் பக்கம் யாரும் நாற்காலியைத் திருப்பியதில்லை. தலையைத் திருப்பியிருக்கிறார்கள்.

"நீங்க சொன்ன மூணுல ரெண்டு ஒரே எடம்ங்க. அந்தத் தூங்குமூஞ்சி மரத்தாண்ட. காயி கொட்டிக்கினே இருக்குது. பஸ்ஸு ஏறி நசுக்கி நசுக்கி பிசினாட்டம் ஆயிடுது. காலைல பனி பேஞ்சா வழுக்கும். கண்ணுக்குத் தெரியாது. கால வெச்சாத் தெரியும்."

"அதுக்கு என்ன பண்ணலாம்?"

"முதல் ஷிப்டுக்குப் போறதுக்குள்ள யாராச்சும் பெருக்கி வுட்டா போதும்ங்க."

பெருக்கினார்கள். அதற்கப்புறம் அங்கே யாரும் விழவில்லை. குறிப்பில் நான் இப்படி எழுதினேன்: 'சாலைப் பரப்பின் பங்கும் ஆராயப்படலாம் என உறுப்பினர் ஒருவர் கருத்துத் தெரிவித்தார். உரிய துப்புரவு நடவடிக்கை மேற்கொள்ளக் குழு தீர்மானித்தது.' 'இன்னா'வும் போயிற்று, அவரும் போனார், தீர்மானம் குழுவுடையதாயிற்று. நடவடிக்கைக் குறிப்பு எழுதுவது ஒரு கலை. பேரணியும் நடந்தது. ஒருவரும் நினைவு வைத்துக்கொள்ளவில்லை.

அவரிடம் இன்னொன்றையும் கவனித்தேன். யார் என்று அவர் கேட்கமாட்டார். யார் ஓட்டினார், யார் மேல் தப்பு, யார் இதைக் கட்டியது என்று ஒரு நாளும் அவர் வாயில் வந்ததில்லை. இன்னா என்றுதான் கேட்பார். போலீஸ்காரருக்கு இது ஒரு குறை என்றே நான் நினைத்திருந்தேன்.

சாலைப் பாதுகாப்பு வாரம் ஒன்றில், 'நிதானமே பிரதானம்' என்று பெரிய பிளெக்ஸ் பேனர் அடித்து முக்கியமான முனைகளில் எல்லாம் கட்டச் சொல்லியிருந்தேன். கீழே கன்வீனர் என்று என் பெயர். மூன்றாம் நாள் மத்தியானம் அவர் ஒரு பேனரைச் சுருட்டித் தோளில் வைத்துக்கொண்டு என் அலுவலகத்துக்குள் வந்தார்.

"என்ன இது?"

"கோச்சிக்காதீங்கய்யா. உங்க பேரு நல்லா பெருசா போட்டுட்டாங்க. அதுக்குப் பின்னால வர்ற பஸ்ஸு தெரியலீங்க."

குமாஸ்தாக்கள் மூன்று பேரும் ஒரே சமயத்தில் கோப்புக்குள் முகத்தைப் புதைத்தார்கள். யார் அங்கே கட்டச் சொன்னது என்று அவர் கேட்டிருந்தால் நான் ஏதாவது ஒரு மேஸ்திரியைக் கைகாட்டியிருப்பேன். அவர் கேட்கவில்லை. பேனரைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, "கிழியல, பத்திரமா இருக்குது," என்று சொல்லிப் போனார்.

இதெல்லாம் அலுவலகத்தோடு நின்றிருந்தால் நான் இவ்வளவு எழுதமாட்டேன். வீட்டுக்குள்ளும் வந்தார்.

ஹெல்மெட் கட்டாயம் என்று உத்தரவு வந்ததும் டவுன்ஷிப் முழுக்கச் சுற்றறிக்கை அனுப்பியவன் நான். மூன்று தடவை, மூன்றாவதில் விதியின் எண்ணோடு. என் மனைவி ஸ்கூட்டியில் மார்க்கெட்டுக்குப் போகிறவள். கொண்டை இருக்கிறது, பூ நசுங்குகிறது, கழுத்து வேர்க்கிறது என்று ஹெல்மெட்டைப் பரணில் போட்டு வைத்திருந்தாள். கன்வீனரின் மனைவி என்று நானும் சொல்லிப் பார்த்தேன். ஒரு சாயங்காலம் அதைத் தூசி தட்டி மாட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றாள்.

"என்ன திடீர்னு?"

"ஏட்டய்யா நிறுத்தினாரு. ஏன் போடலன்னு கேக்கல. போட்டா எங்கம்மா இடிக்குதுன்னு கேட்டாரு. கொண்டைன்னேன். கொஞ்சம் கீழ எறக்கிப் போடுங்கம்மா, பூவும் ஹெல்மெட்டுக்குக் கீழ நல்லா தெரியும்னாரு. அவரு வூட்டம்மா அப்டித்தான் போடுவாங்களாம்."

"நான் மூணு சர்குலர் விட்டேன்."

"நீங்க சர்குலர் விட்டீங்க. அவரு கேட்டாரு."

அன்றிலிருந்து அவள் கொண்டை பிடரிக்கு இறங்கியது. மல்லிகைச்சரம் ஹெல்மெட்டுக்குக் கீழே தெரிந்தது. அழகாகத்தான் இருந்தது. நாற்பது குடித்தனம் இருக்கிற எங்கள் பிளாக்கில் கொஞ்ச நாளில் எல்லாப் பெண்களின் கொண்டையும் இறங்கிவிட்டது. நான் வீட்டில் ஒரு வாரம் சரியாகப் பேசவில்லை. அதை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

எங்கள் குவார்ட்டர்ஸுக்கு எதிரே இருக்கிற சாலையில் பஸ் ஏறக் குறுக்கே போகிறவர்களுக்கு வண்டிகள் தெரிவதில்லை என்று புகார் வந்தது. அவர் வழக்கம்போல ஷூவைக் கழற்றி நடந்துவிட்டு வந்து, பஸ் நிறுத்தத்தை நாற்பதடி தள்ளி வைத்துத் தாழ்ந்த கிளையை வெட்டினால் போதும், வேகத்தடை வேண்டாம் என்றார். அவர் வேண்டாம் என்றதாலேயே வேகத்தடை அவசியம் என்று எனக்குப் பட்டது. இப்போது இதைச் சொல்ல ஒரு தடையும் இல்லை. அன்று அதற்கு நான் இரண்டு பக்கத்துக்கு வேறு காரணங்கள் எழுதினேன்.

வேகத்தடை இரண்டே நாளில் முடிந்தது. தார்ச்சாலையின் குறுக்கே தார் மேடு. கறுப்பின் மேல் கறுப்பு. அதன் மேல் வெள்ளைக் கோடு போட வேண்டும். ஆனால் வேகத்தடை கட்டுமானம், வெள்ளைக் கோடு பராமரிப்பு. இரண்டுக்கும் தனித்தனிக் கோப்பு. இரண்டாவது கோப்பு என்னிடம் இருந்தது.

அவர் அலுவலகத்துக்கு வந்தார். "ஐயா, பெயிண்ட் இன்னும் அடிக்கலீங்களே. சாயங்காலத்துல ஒண்ணுமே தெரியல."

"லெட்டரா குடுங்க. முறைப்படி வரட்டும்."

கொடுத்தார். வரைபடம் இணைக்கப்படவில்லை என்று திருப்பினேன். இணைத்துக் கொடுத்தார். வரைபடத்தில் அளவுகோல் குறிப்பிடவில்லை என்று திருப்பினேன். மூன்றாவது தடவை எல்லாம் சரியாக இருந்தது. திருப்ப வழியில்லை. கோப்பு சர்குலேஷனில் இருக்கிறது என்று அலுவலகத்தில் சொல்வோம். அது எங்கும் சுற்றவில்லை. என் மேஜையின் இடதுபக்க டிரேயில், செய்தித்தாளுக்கு அடியில் இருந்தது.

ஒரு நாள் சாயங்காலம் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அவர் சாலை நடுவில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து கோலமாவால் வேகத்தடையின் மேல் பட்டை பட்டையாகக் கோடு போட்டுக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டம்மாள் வண்டிகளைக் கை காட்டி நிறுத்திக்கொண்டிருந்தாள். என் மனைவி டப்பாவோடு நின்றாள்.

"ஏட்டய்யா, கோடு பாம்பு மாதிரி போவுது பாருங்க," என்றாள் பக்கத்து வீட்டம்மாள்.

"எங்க வூட்ல அவங்கதாங்க போடுவாங்க. எனக்குத் தண்ணி தெளிக்கிற வேலைதான்."

"குடுங்க இப்டி," என்று என் மனைவி மாவை வாங்கி ஒரே இழுப்பில் நேராக இழுத்தாள்.

"பார்த்தீங்களா. இதுக்குத்தான் படிச்சவங்க வேணும்ன்றது," என்றார் அவர். அவள் சிரித்தாள். அவள் சத்தம் போட்டுச் சிரித்து ரொம்ப நாளாகியிருந்தது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

அதன்பிறகு தினமும் ஐந்தரை மணிக்கு இது நடந்தது. வண்டிச் சக்கரங்களில் ஒட்டிக்கொண்டு மறுநாளுக்குள் பாதி மாவு போய்விடும். மறுபடியும் போடுவார்கள். எங்கள் வீட்டு வாசலில் கோலம் சிறுத்துக்கொண்டே வந்தது. போக்குவரத்துக் குறியீடுகளை அங்கீகரிக்கப்படாத பொருளால் வரைவது விதிமீறல் என்று அவருடைய மேலதிகாரிக்கு ஒரு கடிதம் தயாரித்தேன். சுத்தமாகத் தட்டச்சு செய்ததும் அனுப்பத் தயக்கமாக இருந்தது. அதே டிரேயில், பெயிண்ட் கோப்பின் மேல் வைத்தேன்.

மார்கழியில் ஒரு நாள் அவரைச் சிதம்பரத்துக்குத் தரிசன பந்தோபஸ்துக்கு அனுப்பியிருந்தார்கள். நாலு மணிக்குப் பிடித்த மழை விடவில்லை. என் மனைவி டப்பாவோடு வராந்தாவில் நின்று சாலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆறேகாலுக்கு அந்தச் சத்தம் கேட்டது.

சேத்தியாத்தோப்புப் பக்கத்திலிருந்து தினமும் டிவிஎஸ் ஃபிப்டியில் வந்துபோகிற கான்ட்ராக்ட் தொழிலாளி. வேலை முடிந்து வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தவர். சாப்பாட்டுக் கேரியர் நாலு அடுக்கும் நாலு பக்கம் உருண்டு கிடந்தது. இடுப்பெலும்பு முறிந்திருந்தது. ஆஸ்பத்திரிக்கு ஏற்றுவதற்கு முன்னாலேயே கான்ட்ராக்டரின் சூப்பர்வைசர் வந்து, "குடிச்சிருப்பான்," என்றார். விழுந்தவர் கையை வாயின் முன்னால் வைத்து ஊதிக் காட்டினார். படுத்தபடியே.

நிலைமை எனக்கு உடனே புரிந்தது. படிவத்தில் ஓட்டுநரின் அஜாக்கிரதை என்று வந்தால் கான்ட்ராக்டர் அவரைக் கைகழுவிவிடுவார். இடுப்பு ஒடிந்தவருக்கு யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை. சாலை என்று வந்தால், பெயிண்ட் ஏன் அடிக்கவில்லை என்று கேட்பார்கள். கேள்வி மேஜை மேஜையாக நகர்ந்து என் இடதுபக்க டிரேயில் வந்து நிற்கும். எனக்கு ஓய்வுபெறப் பத்தொன்பது நாள் இருந்தது. விசாரணை நிலுவையில் ஓய்வுபெற்றவர்களை நான் பார்த்திருக்கிறேன். பல பேருக்கு விளக்கம் கேட்கும் ஓலையை வரைந்தவனே நான்தான்.

மறுநாள் காலை மழை விட்டிருந்தது. அவர் பந்தோபஸ்திலிருந்து நேராக வந்திருந்தார். ஈர ஷூவைக் கழற்றி மரத்தடியில் வைத்துவிட்டு, வேகத்தடையின் மேல் மூன்று தடவை ஏறி இறங்கினார். நான் குடையோடு வாக்கிங் போகிறவனைப் போலப் போனேன்.

"பாவம். கொஞ்சம் பார்த்து வந்திருக்கலாம்," என்றேன்.

"பார்த்துக்கினுதாங்க வந்திருக்காரு. பார்க்கறதுக்கு அங்க ஒண்ணும் இல்லீங்களே."

"காரணம் என்னன்னு எழுதப் போறீங்க?"

மோதிரத்தைத் திருகினார். "ரோடு இன்னா பண்ணுச்சோ அதாங்க."

நான் காத்திருந்தேன். அவர் கேட்க வேண்டியது ஒரே ஒரு கேள்வி. என் லெட்டர் யாருகிட்ட இருக்குதுங்க, அவ்வளவுதான். அவர் வேரின் மேல் உட்கார்ந்து பாதத்தில் ஒட்டிய ஈரமண்ணைத் தட்டிவிட்டு சாக்ஸைப் போட்டுக்கொண்டார்.

"வூட்ல அம்மாகிட்ட மனசுல வெச்சுக்க வேணாம்னு சொல்லுங்கய்யா. நேத்து மழை. மாவு நிக்காது."

அன்று அலுவலகம் போனதும் பெயிண்ட் கோப்பில் கையெழுத்துப் போட்டேன். மத்தியானத்துக்குள் கோடு அடித்தாயிற்று. அந்த வேகத்தில் அதற்கு முன்னும் பின்னும் நான் எந்தக் கோப்பையும் முடித்ததில்லை.

நாலு நாள் கழித்துப் படிவத்தின் நகல், விதிப்படி, குழுவுக்கு வந்தது. காரணம் என்ற கட்டத்தில் அவருடைய சாய்ந்த கையெழுத்து. 'வெள்ளைக் கோடு இல்லாத வேகத்தடை. மாலையிலும் மழையிலும் தெரியாது. வண்டி ஓட்டியவர் மேல் தவறு இல்லை.' அதற்குக் கீழே ஒரு கட்டம் உண்டு. பொதுவாக எல்லோரும் கோடு போட்டு விட்டுவிடுவார்கள். 'இடத்தின் குறை முன்பே தெரிந்திருந்ததா? ஆம் எனில், யாருக்கு?'

'ஆம். எனக்கு.'

அவ்வளவுதான். மூன்று கடிதங்கள் எழுதியிருந்தார். என் அலுவலக முத்திரையோடு மூன்றுக்கும் ஒப்புகை அவரிடம் இருந்தது. அதை இணைத்திருந்தால் அவர் மேல் ஒரு தூசி விழுந்திருக்காது. கடைநிலைக் குமாஸ்தாகூட இணைத்திருப்பான். இணைப்பு இல்லை என்று இரண்டு தடவை திருப்பி அனுப்பப்பட்டவருக்கு இணைப்பின் அருமை தெரியாதா? மறந்தாரா, வேண்டாம் என்று விட்டாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. மறந்தார் என்று வைத்துக்கொள்வது எனக்கு வசதி.

விழுந்தவருக்குச் சிகிச்சை கிடைத்தது. பிறகு உட்கார்ந்து பார்க்கிற வேலை ஒன்றும் கிடைத்தது. ஏட்டய்யாவுக்கு, தெரிந்தும் தடுப்பு வைக்காதது ஏன் என்று ஓலை கிடைத்தது. வைத்தேன், மழையில் கரைந்துவிட்டது என்று பதில் எழுதினாராம். சேத்தியாத்தோப்புக்கு மாற்றினார்கள்.

விபத்து திரும்பத் திரும்ப நடக்கிற இடத்துக்கு எங்கள் குழுவில் கரும்புள்ளி என்று பெயர். என் வழியனுப்பு விழாவில் பேசியவர் சால்வையைப் போர்த்திவிட்டு, "சாரோட சர்வீஸ்ல ஒரு கரும்புள்ளி கிடையாது," என்றார். கைதட்டினார்கள். ஓய்வுபெறுகிறவர் நிரப்ப வேண்டிய படிவத்தில் நிலுவைக் கோப்புகள் என்ற கட்டத்தில் 'இல்லை' என்று எழுதியிருந்தேன். அதுவும் ஒற்றைச் சொல் பதில்தான். அவர் எழுதியதற்குப் பக்கத்தில் வைக்க முடியாது. 'எனக்கு' என்று எழுத வேண்டிய இடம் அவருடையதல்ல. அதையும் அவரே எடுத்துக்கொண்டார்.

குவார்ட்டர்ஸைக் காலி செய்த வாரம் அட்டைப்பெட்டிகளில் சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தோம். என் மனைவி கோலமாவு டப்பாவைக் கையில் எடுத்தாள். காலி. மூடியைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடி மூடினாள்.

"அந்த பெயிண்ட் ஃபைல் யார்கிட்ட இருந்துச்சு?"

"சர்குலேஷன்ல இருந்துச்சு."

"ஏட்டய்யா யாருன்னு கேக்க மாட்டாரு," என்றாள். "அதனால நான் கேக்கறேன்."

எல்லா வகைக் கேள்விகளுக்கும் என்னிடம் மாதிரிப் பதில் உண்டு. நான் பெட்டியின் மேல் 'சமையலறை' என்று எழுதினேன். அவள், கட்டுவதற்குக் கயிறு வாங்கி வருவதாகச் சொல்லிக் கொண்டையை இறக்கி முடிந்துகொண்டு ஹெல்மெட்டை மாட்டினாள். கிளிப் டக்கென்று பூட்டியது.

ஜன்னலிலிருந்து பார்த்தேன். வேகத்தடையின் முன்னால் ஸ்கூட்டியின் சிவப்பு விளக்கு எரிந்தது. மெதுவாக ஏறி இறங்கிப் போனாள். வெள்ளைக் கோடுகள் நேராக, விதித்த அளவில், தூரத்திலிருந்தே தெரிந்தன. அவற்றுக்கு ஒப்புதல் கையெழுத்து என்னுடையது. கீழே தேதியும் போட்டிருக்கிறேன்.